ஆணி அடிக்க யாரைக் கேட்பது? மைன்கிராஃப்டின் இரு பதிப்புகளும் மோட் கலையும்

அக்கா மகனுக்கு வயது 13. போன வைகாசியில் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பழைய செட்டிநாட்டு வீடு. வளவுக்குள் நுழைந்தவன் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தான். ஆத்தங்குடிக் கல். ஒரு கல்லில் பூவின் கால்வாசிதான் இருக்கும், நான்கைத் திருப்பித் திருப்பிச் சேர்த்தால்தான் முழுப் பூ வரும். "மாமா, இது அப்படியே கிளேஸ்டு டெரகோட்டா!" என்றான்.

மைன்கிராஃப்ட் ஆடுகிறவர்களுக்கு அவன் சொன்னது உடனே புரியும். சூளையில் சுட்ட வண்ண மண் பிளாக் ஒன்று அந்த ஆட்டத்தில் உண்டு. சாதாரண மண் பிளாக்குகள் எப்படி வைத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். இதுவோ நாம் எந்தத் திசை பார்த்து நிற்கிறோமோ அதற்கேற்பத் திரும்பி உட்காரும். நான்கு திசைக்கும் ஒவ்வொன்றாக வைத்தால் நடுவில் ஒரு கோலம் கூடிவரும். நிரந்தரமாகத் தரையில் பதிந்துபோன கோலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லை ஆட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டும் என்று ஊர் திரும்பும் வண்டியிலேயே முடிவாகிவிட்டது. அவன் ஆடுவது போனில், அதாவது பெட்ராக் பதிப்பு. என் மடிக்கணினியில் இருப்பது ஜாவா பதிப்பு. ஒரே படத்தை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் செய்யவேண்டி வந்தது. எதிர்வீட்டுப் பையனிடம் பிளேஸ்டேஷன் இருக்கிறது. அவனுக்கும் தரலாம் என்று போனபோதுதான் அங்கே வழியே இல்லை என்று தெரிந்தது. ஒரே பெயரில் விற்கப்படும் ஓர் ஆட்டத்தில், தான் வரைந்த படத்தைத் தன் வீட்டுத் தரையில் ஒட்டிக்கொள்ளும் உரிமை ஒருவனுக்கு இருக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை. ஏன் இப்படி என்று தேடப்போய் எழுந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிட வேண்டும். நம்மூரில் 'மோட்' என்றதும், காசு கட்டாமல் எல்லாவற்றையும் திறந்துவிடும் திருட்டு ஏபிகே என்றே பலர் நினைக்கிறார்கள். இங்கே நான் பேசுவது அதை அல்ல. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை, ஆடுகிறவரே பிரித்துப் பார்த்து, புதியதொன்றைச் சேர்த்து, மற்றவர்களுக்கும் கொடுப்பது. தையல்காரரிடம் வாங்கிய சட்டைக்கு வீட்டில் ஒரு பை வைத்துத் தைத்துக்கொள்வது போன்றது அது.

மைன்கிராஃப்டை ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009 மே மாதம் வெளியிட்டார். ஜாவா மொழியில் எழுதினார். பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் விதை அந்தத் தேர்வில் இருக்கிறது. சி பிளஸ் பிளஸ் போன்ற மொழியில் எழுதிய நிரலைக் கணினிக்கான கட்டளையாக மாற்றிவிட்டால் அது அரைத்த மாவு மாதிரி. உளுந்து எவ்வளவு, வெந்தயம் எவ்வளவு என்று மாவைப் பார்த்துச் சொல்வது பெரும்பாடு. ஜாவா நிரல் ஊறவைத்த நிலையிலேயே நின்றுவிடும். பாத்திரத்துக்குள் கைவிட்டால் எது அரிசி, எது பருப்பு என்று விரலுக்குத் தெரியும். ஆட்டத்தை வெளியிட்ட மோஜாங் நிறுவனம் பெயர்களை மட்டும் அழித்து, ஒவ்வொரு பகுதிக்கும் 'ஏ', 'பி', 'ஏஏ' என்று அர்த்தமில்லாத எழுத்துகளை வைத்து அனுப்பியது. திறக்க முடியாத பூட்டு அல்ல அது, திறப்பவருக்கு வேலை வைக்கும் பூட்டு.

அந்த வேலையை ரசிகர்கள் செய்தார்கள். 'மோட் கோடர் பேக்' என்ற கருவித் தொகுப்பு, பிரித்தெடுத்த நிரலில் இருந்த ஆயிரக்கணக்கான 'ஏ', 'பி'களுக்கு மனிதர்கள் படிக்கக்கூடிய பெயர்களை வைத்துக் கொடுத்தது. புதிய வெளியீடு வரும்போதெல்லாம் எழுத்துகள் மாறும். திரும்பவும் உட்கார்ந்து பெயர் வைப்பார்கள். சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை.

அந்தக் காலத்தில் மோட் போட்டவர்களுக்கு ஒரு சடங்கு மறக்காது. ஆட்டத்தின் ஜார் கோப்பை வின்ரார் வைத்துத் திறக்க வேண்டும். மோட் கோப்புகளை உள்ளே இழுத்துப் போட வேண்டும். பிறகு 'மெட்டா-இன்ஃப்' என்ற கோப்புறையை அழிக்க வேண்டும். இது நிறுவனத்தின் அசல் கோப்புதானா என்று சோதிக்கும் கையொப்பம் அதில்தான் இருக்கிறது. அழிக்க மறந்தால் ஆட்டம் கருப்புத் திரையோடு நின்றுவிடும். இரண்டு மோட்கள் ஒரே கோப்பைத் தொட்டால் பின்னால் போட்டது முன்னால் போட்டதை விழுங்கிவிடும். 'மோட்லோடர்' என்ற சிறு கருவியும், 2011இல் வந்த 'ஃபோர்ஜ்'உம் இந்தச் சண்டைக்கு ஒரு நாட்டாமை போல வந்தன. ஒவ்வொரு மோடும் ஆட்டத்தை நேரடியாகக் கிழிக்காமல், ஃபோர்ஜ் வைத்திருக்கும் கொக்கிகளில் தன்னை மாட்டிக்கொண்டால் போதும் என்றானது. அதன்பிறகு ஐம்பது, நூறு மோட்களைச் சேர்த்துக் கட்டிய 'மோட்பேக்'குகள் சாத்தியமாயின. டெக்கிட், ஃபீட் தி பீஸ்ட் ஆகியவை அப்படி வளர்ந்தவை. குழாய் போட்டுச் சரக்கு நகர்த்தும் பில்ட்கிராஃப்ட், மின்சாரம் கொண்டுவந்த இண்டஸ்ட்ரியல்கிராஃப்ட், பிற்காலத்தில் பற்சக்கரமும் வார்ப்பட்டையுமாய் ஓடும் 'கிரியேட்' என்று அந்தப் பட்டறையிலிருந்து வந்தவை, மூல ஆட்டத்தைவிட ஆழமான ஆட்டங்கள். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கிரியேட் மோடில் ஒரு நீர்ச்சக்கரத்தைக் கட்டி அதன் சுழற்சியை எட்டு பிளாக் தள்ளியிருக்கும் அரைவை இயந்திரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பையனுக்கு, வேகத்தைக் கூட்டினால் இயந்திரம் கேட்கும் சுமையும் கூடுகிறது என்ற கணக்கு தானாகப் பிடிபட்டுவிடுகிறது.

பட்டறையில் செய்தது அரண்மனைக்கும் போனது. இன்று ஆட்டத்தின் இன்றியமையாத பாகமாக இருக்கும், பிளாக்குகளைத் தள்ளும் பிஸ்டன், முதலில் ஒரு ரசிகர் எழுதிய மோட். 2011 ஜூன் இறுதியில் பீட்டா 1.7 வழியாக அதிகாரபூர்வமாக உள்ளே வந்தது. குதிரைகள் 2013 ஜூலையில் 1.6 வெளியீட்டில் வந்தபோது, 'மோ கிரீச்சர்ஸ்' என்ற விலங்கு மோடை எழுதியவரின் உதவியோடு வந்தன. பின்லாந்தின் டீச்சர்கேமிங் நிறுவனம் பள்ளிகளுக்காக உருவாக்கிய 'மைன்கிராஃப்ட் எஜு'வும் மூலத்தில் ஜாவா பதிப்பின் மேல் கட்டிய ஒரு மோட்தான். அதை மைக்ரோசாஃப்ட் 2016 ஜனவரியில் வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் தன் கல்விப் பதிப்பை வெளியிட்டது. ஆனால் அந்தக் கல்விப் பதிப்பு ஜாவாவில் இல்லை, மற்றக் கிளையில் கட்டப்பட்டது.

அந்த மற்றக் கிளையின் கதை போனில் தொடங்குகிறது. 2011இல் பாக்கெட் பதிப்பு வந்தது. போனில் ஓடவேண்டும் என்பதால் சி பிளஸ் பிளஸ் மொழியில் புதிதாக எழுதினார்கள். மைக்ரோசாஃப்ட் 2014இல் 250 கோடி டாலருக்கு மோஜாங்கை வாங்கியது. 2015 ஜூலையில் அதே நிரலடித்தளத்தில் விண்டோஸ் 10 பதிப்பு வந்தது. 2017 செப்டம்பரில் போன், விண்டோஸ், எக்ஸ்பாக்ஸ் மூன்றிலும் ஆடுகிறவர்கள் ஒரே உலகத்தில் சந்திக்க முடிந்தது. அடுத்த ஆண்டு நின்டெண்டோ ஸ்விட்சும், 2019 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4உம் சேர்ந்தன. 'பெட்ராக்' என்று அடையாளப்படுத்தப்படும் இந்தப் பதிப்புக்கே வெறும் 'மைன்கிராஃப்ட்' என்ற பெயரும் போனது. மூல ஆட்டம் 'ஜாவா பதிப்பு' என்று அடைமொழி சேர்த்து அழைக்கப்படலாயிற்று. மூத்த பிள்ளை இன்னாருடைய அண்ணன் என்று அறியப்படுவது மாதிரி.

இதற்கிடையே 4ஜே ஸ்டூடியோஸ் செய்த எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பு 2012 மே மாதம் வந்தது. நீள அகலம் 864 பிளாக் அளவே உலகம். மோட் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் தோல் பொதிகளும், வேறு ஆட்டங்களின் சாயலைப் பூசித்தரும் கலவைப் பொதிகளும் கடையில் விற்பனைக்கு இருந்தன. ஆடுகிறவர் செய்துகொள்வது என்பது போய், ஆடுகிறவர் வாங்கிக்கொள்வது என்ற பழக்கம் மைன்கிராஃப்டில் இங்கிருந்துதான் தொடங்கியது. அதற்குமேல் அந்தப் பதிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

போனில் ஆடியவர்களும் சும்மா இருக்கவில்லை. 'பிளாக்லாஞ்சர்' என்ற ஆண்ட்ராய்டு செயலி, ஆட்டத்தின் அரைத்த மாவுக்குள்ளேயே ஊசி வைத்துக் குத்தி, ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய சிறு மோட்களை ஓட்டியது. ஆட்டம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஊசி வைக்கும் இடம் மாறிப்போகும். செயலியும் மாற வேண்டும். அதைச் செய்தவர்களின் பொறுமையை நினைத்தால் இப்போதும் மதிப்பு கூடுகிறது.

நிறுவனமே 2016இல் ஒரு வாசலைத் திறந்தது. 'ஆட்-ஆன்' என்று பெயர். இங்கேதான் இரு பதிப்புகளையும் ஒப்பிடுகிறவர்கள் பலர் அவசரப்பட்டுத் தவறாக எழுதுகிறார்கள். "ஜாவாவில் மோட் உண்டு, பெட்ராக்கில் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. பெட்ராக்கின் ஆட்-ஆன் மூலம் புதிய பிளாக், புதிய பொருள், புதிய விலங்கு எல்லாவற்றையும் நிறுவனத்தின் முழுச் சம்மதத்தோடு சேர்க்கலாம். ஜாவா பதிப்பில் 2018 ஜூலையில் 1.13 வெளியீட்டோடு வந்த 'டேட்டா பேக்' என்ற அதிகாரபூர்வ வசதிக்கு அந்த வல்லமை கிடையாது. அது சமையல் குறிப்பை மாற்றும், புதையலை மாற்றும், பிற்பாடு உலகத்தின் நிலவடிவத்தையே மாற்றவும் கற்றுக்கொண்டது. ஆனால் புதிதாக ஒரு பிளாக்கைப் பெற்றெடுக்க அதற்கு வராது. இருக்கிற பொருளுக்கு வேறு முகம் போட்டு ஏமாற்றத்தான் வேண்டும். ஆக, அனுமதித்த வாசல் வழியாகப் போவதானால் பெட்ராக்கின் வாசல் அகலம். ஜாவாவின் பெருமை வாசலில் இல்லை, சுவர் இடிந்து கிடப்பதில்தான் இருக்கிறது.

எங்கள் ஆத்தங்குடிக் கல்லை வைத்தே இதைக் காட்டுகிறேன். ஒரு பிளாக்கின் ஒரு முகம் 16க்கு 16 புள்ளி, மொத்தம் 256 சதுரங்கள். கல்யாண வீட்டில் எடுத்த புகைப்படத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால் வெறும் சேறு. அதனால் பையன் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைந்தான். மூலையில் காவிச் சிவப்பு, அதைச் சுற்றி மஞ்சள் இதழ், எதிர்மூலையில் பச்சை இலை. எதை விடுவது என்று முடிவு செய்யத்தான் இரண்டு நாள் ஆனது. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றுகிறவர்களும் அச்சு வார்ப்பின் அறைகளுக்குள்ளேதான் ஊற்றுகிறார்கள். எல்லைக்குள் அழகைப் பிடித்து வைப்பது இரண்டுக்கும் பொது.

ஜாவாவில் நடந்தது இது. ஒரு கோப்புறை, அதற்குள் இன்னொரு உறை என்று நான்கைந்து அடுக்கு. கடைசி உறையின் பெயர் 'பிளாக்'. அதற்குள் வெள்ளைக் கிளேஸ்டு டெரகோட்டாவின் பெயரிலேயே எங்கள் படத்தை வைத்தோம். வெளியே நான்கு வரிச் சிறு கோப்பு. அவ்வளவுதான், தரை மாறிவிட்டது. நான் பழைய பழக்கத்தில் உறைக்கு முதலில் 'பிளாக்ஸ்' என்று பன்மையில் பெயர் வைத்துவிட்டேன். படம் வரவே இல்லை. 1.13க்கு முன்பு அந்த உறை பன்மையில் இருந்தது, பிறகு ஒருமையாகிவிட்டது. ஒரே ஓர் எழுத்து மாற்றத்தில் என் படம் ஊமையாகிப்போனது.

பெட்ராக்கில் உறையின் பெயர் இன்னும் பன்மைதான். கோப்பின் பெயரில் சொற்களின் வரிசை மட்டும் தலைகீழ், 'வெள்ளை' என்பது கடைசியில் வரும். கூடவே 'மேனிஃபெஸ்ட்' என்ற அடையாளக் கோப்பு வேண்டும். அதில் உலகில் வேறெந்தப் பொதிக்கும் இல்லாத 32 இலக்க அடையாளம் இரண்டு எழுதவேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஜிப் செய்து, கோப்பின் வாலை 'எம்சிபேக்' என்று மாற்றினோம். வாட்ஸாப்பில் அனுப்பினால் அவன் ஒரு தட்டுத் தட்டுகிறான், ஆட்டம் தானே திறந்து தானே வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்த ஒரு தட்டுதான் பெட்ராக்கின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். வின்ராரும் 'மெட்டா-இன்ஃப்'உம் தெரியாத, வீட்டில் கணினியே இல்லாத ஒரு பிள்ளை, தன் வகுப்பு நண்பன் செய்ததைப் போனில் தட்டி எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரமே அவன் ஆட்-ஆனுக்குத் தாவிவிட்டான். பெட்ராக்கில் ஒவ்வொரு விலங்கும் ஜேசன் என்ற வடிவில் எழுதிய ஓர் எழுத்துக் கோப்பு. ஆட்டத்தின் சொந்தக் கோப்புகளையே மாதிரிக்காக மோஜாங் பொதுவில் வைத்திருக்கிறது. பசுவின் கோப்பைத் திறந்தால் 'ஹெல்த்' என்ற வரியும் அதற்கு நேரே 10 என்ற எண்ணும் இருக்கும். அதை 100 ஆக்கினான். பிறகு கோழியின் பயந்தோடும் வரியைத் தூக்கிவிட்டு, ஜாம்பியின் தாக்கும் வரியைக் கொண்டுவந்து ஒட்டினான். வீட்டுக் கோழி எல்லோரையும் துரத்திக் கொத்தியது. நிரல் எழுதத் தெரியாத ஒருவன், குணங்களைப் பிரித்தெடுத்து ஒட்டுவதன் மூலம் ஓர் உயிரைப் படைத்த அந்த மாலை, ஜாவா மோட் கலையைப் பதினைந்து வருடமாக நேசிக்கிற என்னையும் கொஞ்சம் அசைத்துவிட்டது. ஜாவாவில் இதைச் செய்ய அவனுக்கு ஒரு நிரல்மொழி, ஒரு கருவித் தொகுப்பு, குறைந்தது மூன்று மாதம் வேண்டும்.

அப்படியானால் பெட்ராக்தான் சிறந்ததா? இல்லை என்றே சொல்வேன். காரணம், ஒட்டுவதற்கு நிறுவனம் கொடுத்த குணங்கள் மட்டுமே அங்கே உண்டு. அந்தக் கோழிக்கு, நிறுவனம் நினைத்தே பார்க்காத ஒரு பழக்கத்தைக் கொடுக்க ஜேசன் உதவாது. அதற்காகப் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வசதியும் வந்தது. 2018இல் வந்த முதல் ஸ்கிரிப்ட் வசதியைச் சில ஆண்டுகளில் கைவிட்டுவிட்டு வேறொன்றைக் கொடுத்தார்கள். முதலாவதை நம்பி எழுதியவர்களின் உழைப்பு அத்தோடு போயிற்று. 'ஹாலிடே கிரியேட்டர் ஃபீச்சர்ஸ்' என்ற பரிசோதனைச் சுவிட்சை நம்பி எழுதிய ஆட்-ஆன்களுக்கும் 2024இல் அதே கதி. சுவிட்சை எடுத்துவிட்டார்கள், திருத்தி எழுத ஆளில்லாத ஆட்-ஆன்கள் செத்துப்போயின. அவன் ஆசையாய் வைத்திருந்த ஒரு தளவாடப் பொதி இப்படித்தான் ஒரு காலையில் கேள்விக்குறிக் கட்டங்களாக நின்றது. "நான் ஒண்ணுமே பண்ணல மாமா" என்றான். உண்மைதான், அவன் ஒன்றும் செய்யவில்லை. இரவில் போன் தானாகவே ஆட்டத்தைப் புதுப்பித்துவிட்டது.

இரு பதிப்புகளுக்கும் உள்ள ஆழமான வேறுபாட்டை நான் இங்கேதான் பார்க்கிறேன். எத்தனை புதிய பிளாக் சேர்க்கலாம் என்பதை வைத்து இதை அளக்க முடியாது. கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஜாவா பதிப்பின் லாஞ்சரில் 2009ஆம் ஆண்டின் ஆரம்ப வடிவம் வரை இன்றும் பட்டியலில் இருக்கிறது. நீங்கள் விரும்பிய ஆண்டில் நிற்கலாம். 1.7.10, 1.12.2 என்ற இரண்டு பழைய வெளியீடுகளைச் சுற்றி மோட்களின் பெரிய ஊர்களே உருவானது அதனால்தான். எழுதியவர் கைவிட்டுப் பல வருடமான மோட் இன்றும் அங்கே ஓடுகிறது. அது ஓடும் காலமும் அதோடு சேர்த்தே பாதுகாக்கப்பட்டிருக்கிறதே. பெட்ராக்கில் கடை எந்த வெளியீட்டைக் கொடுக்கிறதோ அதுதான் ஆட்டம். சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. வாடகை வீட்டிலும் வசதியாக வாழலாம், சில வேளை சொந்த வீட்டைவிட வசதியாகவே வாழலாம். ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். வீட்டுக்காரர் வெள்ளையடிக்க வரும்போது மாட்டிய படத்தை இறக்கவும் வேண்டும்.

சொந்த வீட்டின் தொல்லைகளையும் மறைக்கக்கூடாது. கூரை ஒழுகினால் நாமே ஏற வேண்டும். ஜாவாவில் ஒவ்வொரு பெரிய வெளியீட்டிலும் மோட்கள் உடைகின்றன. ஃபோர்ஜ் ஒன்றே பெரிதாக இருந்த இடத்தில் 2018 இறுதியில் ஃபேப்ரிக் வந்தது. அதிலிருந்து குவில்ட் பிரிந்தது. 2023இல் ஃபோர்ஜிலிருந்து நியோஃபோர்ஜ் பிரிந்தது. ஃபோர்ஜுக்கு எழுதிய மோட் ஃபேப்ரிக்கில் அப்படியே ஓடாது. புதிதாக வருகிற பிள்ளைக்கு எதை நிறுவுவது என்பதே முதல் தேர்வுத்தாள்.

அதைவிடக் கசப்பான ஒன்று 2014இல் நடந்தது. ஜாவா சர்வர்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் நம்பியிருந்தது 'பக்கிட்' என்ற திட்டத்தை. அதன் குழுவினர் சிலரை மோஜாங் 2012இலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டது. திட்டத்தை மூடிவிடலாம் என்று பொறுப்பாளர்கள் 2014 ஆகஸ்டில் அறிவித்தபோது, அது தங்களுக்கே சொந்தம், மூட முடியாது என்று மோஜாங் தரப்பு சொன்னது. பல ஆண்டுகள் கூலியில்லாமல் எழுதிய பங்களிப்பாளர்களுக்கு இது புதுச் செய்தி. அவர்களில் ஒருவர், தன் நிரல் கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது, அதோடு சேர்த்து மோஜாங்கின் மூடிய நிரலை வெளியிடுவது அந்த உரிமத்துக்கு முரண் என்று சொல்லிக் பதிப்புரிமைச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்தார். பதிவிறக்கங்கள் நின்றன. ஸ்பிகாட், பிறகு பேப்பர் என்ற வழித்தோன்றல்கள் அந்த இடத்தை நிரப்பின. யாருடைய மண்ணில் யார் வீடு கட்டினார்கள் என்ற கேள்வியை எழுத்தில் தீர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மோட் உலகில் இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியவில்லை.

ஆபத்தும் உண்டு. ஜாவா மோட் என்பது கணினியில் எதையும் செய்ய வல்ல முழு நிரல். 2023 ஜூனில் 'ஃப்ராக்சரைசர்' என்ற தீநிரல், மோட்களைப் பகிரும் கர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் சிலருடைய கணக்குகளைக் கைப்பற்றி, நம்பிக்கையான மோட்களுக்குள் புகுந்தது. கணினியிலுள்ள மற்ற ஜார் கோப்புகளிலும் தொற்றி, கடவுச்சொற்களைத் திருடியது. பெட்ராக்கின் ஜேசனும் வேலிபோட்ட ஜாவாஸ்கிரிப்டும் இப்படி வீட்டுக்குள் நடமாட முடியாதவை. பிள்ளைக்கு எதை வாங்கித் தருவது என்று என்னைக் கேட்கும் பெற்றோரிடம் இதை முதலில் சொல்கிறேன். பத்து வயதுக்கு பெட்ராக் போதும், அதுவே நல்லதும்கூட.

பணம் பற்றிய கதை தனி. ஜாவா பதிப்பின் உரிம ஒப்பந்தம் சொல்வது எளிமையானது. நீ எழுதிய மோட் உன்னுடையது, ஆனால் அதைக் காசுக்கு விற்காதே. இதனால் ஜாவா மோட்கள் இலவசமாகவே இருக்கின்றன. விளம்பர வருவாயிலிருந்து கர்ஸ்ஃபோர்ஜ், மாட்ரிந்த் தளங்கள் பகிர்ந்தளிக்கும் தொகையும் ரசிகர் நன்கொடையும்தான் எழுதுகிறவர்களுக்கு வருமானம். பெட்ராக்கில் 2017இல் மார்க்கெட்பிளேஸ் என்ற கடை திறந்தது. பணம் கட்டி மைன்காயின் வாங்கி, அதைக் கொடுத்துப் பொதிகள் வாங்கவேண்டும். யார் வேண்டுமானாலும் அங்கே விற்க முடியாது. விண்ணப்பித்துக் கூட்டாளி ஆனவர்கள்தான் விற்கலாம். 2021இல் மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லா, மைன்கிராஃப்ட் படைப்பாளிகள் 100 கோடிக்கும் மேற்பட்ட பதிவிறக்கங்கள் மூலம் 35 கோடி டாலருக்கு மேல் ஈட்டியிருப்பதாகச் சொன்னார். உழைப்புக்குக் கூலி கிடைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். பக்கிட் கதையைப் படித்த யாரும் சொல்ல முடியாது. என் மனத்தாங்கல் வேறு. பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஸ்விட்சிலும் வெளியிலிருந்து ஒரு பொதியைக் கொண்டுவந்து போட நேர்வழி கிடையாது. கடையில் இருப்பதுதான் உண்டு. எதிர்வீட்டுப் பையன் நூற்றுக்கணக்கான பொதிகளை வாங்கலாம், தன் நண்பன் பென்சிலால் வரைந்த ஒரு பூவை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது. காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒன்றை இலவசமாகத் தரவும் வழியில்லை என்பதை 13 வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

ஒளியமைப்பு விஷயத்தில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். நீரில் வானம் பிரதிபலிப்பது, இலைகளின் நிழல் ஆடுவது போன்றவற்றை ஜாவா ரசிகர்கள் 'ஷேடர்' மோட்கள் வழியே ஆரம்ப ஆண்டுகளிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். நிறுவனம் 2017இல் 'சூப்பர் டூப்பர் கிராஃபிக்ஸ் பேக்' என்று அறிவித்து, 2019 ஆகஸ்டில் முடியவில்லை என்று கைவிட்டது. பெட்ராக்குக்கு 'வைப்ரன்ட் விஷுவல்ஸ்' என்ற புதிய ஒளியமைப்பு 2025 ஜூனில்தான் வந்தது. இதில் நிறுவனத்தை மட்டம்தட்ட ஒன்றுமில்லை. ரசிகர் தன் கணினியில் ஓடினால் போதும் என்று எழுதலாம். நிறுவனம் மிகச் சாதாரண போனையும் யோசிக்க வேண்டும்.

தமிழுக்கு வருகிறேன். ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. தன்னார்வலர்கள் கூட்டாக மொழிபெயர்க்கும் ஏற்பாட்டின் வழியே நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் அதில் இடம்பிடித்தன, தமிழும் அப்படித்தான் வந்தது. பெட்ராக்கின் பட்டியல் முப்பதுக்குள் அடங்குகிறது, நான் இதை எழுதும்போது அதில் தமிழ் இல்லை. போனில்தான் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆடுகிறார்கள் என்பதை நினைத்தால் இது வருத்தம் தருகிறது. ஆனால் பெட்ராக்கின் பொதிக்குள் 'டெக்ஸ்ட்ஸ்' என்ற உறை வைத்து, அதில் ஒரு புதிய மொழியைப் பதிவுசெய்ய முடியும். ஒவ்வொரு வரியாக, சமத்துக்குறி போட்டு, இடப்பக்கம் ஆட்டத்தின் சொல், வலப்பக்கம் நம் சொல். நிறுவனம் தமிழை எப்போது சேர்க்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் கணிசமாகச் செய்துவிடலாம். எங்கள் பொதியில் முதல் எட்டு வரி தயார். கிளேஸ்டு டெரகோட்டாவுக்கு என்ன பெயர் என்பதில் வீட்டில் விவாதமே கிடையாது.

இரு கரைகளையும் இணைக்கும் பாலங்களும் ரசிகர்கள் கட்டியவைதான். 'கீசர்' என்ற திட்டம் பெட்ராக் போனிலிருந்து ஜாவா சர்வருக்குள் நுழைய வழிசெய்கிறது. இடையில் அமர்ந்து இரு பாஷைகளையும் மாற்றி மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அது. எல்லாவற்றையும் மாற்ற முடியாது. ஆட்டத்துக்குள் மின்சாரம் போல இயங்கும் ரெட்ஸ்டோன் சுற்றுகள் இரண்டு பதிப்பிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஜாவாவில் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் வெற்றிடத்துக்கு மின்னோட்டம் வந்தாலும் பிஸ்டன் விழித்துக்கொள்ளும் ஒரு பழைய வினோதம் உண்டு, பெட்ராக்கில் அது கிடையாது. அந்த வினோதத்தை நம்பிக் கட்டிய கதவு அக்கரையில் திறக்காது.

2025 அக்டோபர் இறுதியில், பெயர்களை அழித்து அனுப்பும் பழக்கத்தை ஜாவா பதிப்பில் கைவிடப்போவதாக மோஜாங் அறிவித்தது. 2019இலேயே பெயர்களின் அகராதியைத் தனியாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இப்போது நிரலே தன் சொந்தப் பெயர்களோடு வரும். 'ஏ', 'பி', 'ஏஏ' என்று எழுதியிருந்த பூட்டைப் பூட்டியவர்களே கழற்றிவிட்டார்கள்.

இந்தப் பொங்கல் விடுமுறைக்கு வந்தவன், பெயர் மறைக்காத அந்த நிரலைக் காட்டச் சொன்னான். திறந்து கொடுத்தேன். அவன் நேராகத் தேடிப்போனது கிளேஸ்டு டெரகோட்டாவை. சின்னப் பகுதி, திரையில் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகிறது. பிளாக்கை வைக்கிறவர் பார்க்கும் திசையை எடுத்து, அதற்கு நேரெதிர்த் திசையைப் பிளாக்குக்குக் கொடுக்கும் ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, எழுந்து நின்று வடக்கே பார்த்தான், கிழக்கே திரும்பினான், மறுபடி திரையைப் பார்த்தான். "அப்போ கல்லு நம்ம மூஞ்சியப் பாத்துதான் உக்காருது மாமா" என்றான்.